காளிதாசன் திருப்பிய கல்

காளிதாசன் அண்ணனிடம் போய் "இன்னிக்கு நல்ல வெயில்" என்று சொல்லிப் பாருங்கள். "யாரு சொன்னா?" என்று கேட்பார். சொன்ன ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடை வாசலுக்கு வந்து தானே அண்ணாந்து பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். மலேசியாவின் வடக்கே, பீடோங் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடமாக அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. திட்டவும் உண்டு.

அவர் கடையில் போட்டிக் கோப்பைகள், ரப்பர் முத்திரை, கார் நம்பர் பலகை எல்லாம் கிடைக்கும். ஆனால் சோறு போடுவது திறப்புவிழாக் கல். பெரிய மனிதர் வந்து சின்னத் திரையை இழுத்தால் பின்னால் பளபளவென்று தெரியுமே, 'இக்கட்டடத்தை இன்னார் திறந்து வைத்தார்' என்று, அந்தக் கல்தான். ரப்பர் தாளில் எழுத்தை வெட்டிக் கறுப்புக் கல்லின்மேல் ஒட்டி, மணலைப் பீய்ச்சி அடித்துக் குழியாக்கி, தங்க வர்ணம் பூசுவார். ஒருவன் தன் பெயரைக் கட்டடத்தின் பெயரைவிடப் பெரிதாகப் போடச் சொன்னால் அண்ணன் ஒன்றும் பேசமாட்டார். அவன் போன பிறகு என் கடைப் பக்கம் தலையை நீட்டி, "யோகம், இவன் கொள்ளையடிக்கப் போறான்லா" என்பார்.

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. தலைவர் மாறினால் கல்லும் மாறவேண்டும். ஆனால் புதுக் கல் வாங்க ஆபீசுகளுக்கு மனசு வராது. பழைய கல்லையே கழற்றி அனுப்புவார்கள். அண்ணன் அதன் பின்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றி, அதில் புதியவர் பெயரை வெட்டிக் கொடுப்பார். பழையவரின் பெயர் சுவரைப் பார்த்தபடி உள்ளே போய்விடும். "வடக்குல பாதி ஆபீசுல பெரிய மனுசனுங்க செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறானுங்க," என்று சொல்லி அவர் சிரிப்பார். அவர் சிரிப்பது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். கிளென்மூர் எஸ்டேட் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் எங்கள் வாயில் கிளிமூலை ஆகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருந்தோம். எங்களுக்கு ஒரு பாடம் பிறந்ததிலிருந்தே தெரியும். தோட்ட நிர்வாகியான துரை காரிலிருந்து இறங்கி லயத்துக்குள் வந்து, பிள்ளைகளின் தலையைத் தடவிச் சிரித்துப் பேசினால், அந்த மாதம் ஆள் குறைப்பார்கள். அவர் முறைத்துக்கொண்டு காரிலேயே போனால் பயமில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் துரை அப்படித்தான் சிரித்தார். தோட்டம் கைமாறியது. ஆபீஸ் வாசலில் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை நீட்டி ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கினார். தாள் முழுவதும் மலாய். காளிதாசன் அண்ணனின் அப்பா வெள்ளையன் மாமாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வைத்தார். வீட்டுக்குப் பதில் நிலம் கேட்டு அண்ணன் தொழில் இலாகாவுக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அந்தத் தாளின் கடைசி வரியை விரலால் காட்டினாராம். 'தியாடா பந்தாஹான்.' ஆட்சேபணை இல்லை. "உங்க அப்பாவே ஆட்சேபணை இல்லைன்னு வச்சிருக்காரே, அப்புறம் நீ எதுக்கு வந்த?" என்று கேட்டாராம்.

வெள்ளையன் மாமா அதன்பிறகு பீடோங்கில் கடை மாடி வாடகை அறையில் ஒன்றரை வருடம் இருந்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது கட்டை விரலை வேட்டியில் துடைப்பார். மை போய் மாதக்கணக்காகியும் துடைப்பார். அண்ணனுக்கு அங்கேதான் சந்தேகம் ஒட்டிக்கொண்டது, பிறகு விடவே இல்லை.

ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை வெட்டி அரசாங்கப் பல்கலைக்கழகம் கட்டினார்கள். லயம் இருந்த மேட்டில் இப்போது பெரிய மண்டபம் நிற்கிறது. நாற்பத்து மூன்று குடும்பம் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்துப்போன இடம் அது. அங்கே எங்களைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் "இங்கதான் இருந்தோம்" என்று காட்டினால், "எங்கம்மா?" என்கிறார்கள்.

2016-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதுத் துணைவேந்தர் வந்தார். ஊரில் எல்லோரும் அவர் பட்டத்தைச் சொல்லி டத்தோ என்போம், இங்கேயும் அது போதும். மறுவருடம் அவர் சாலையோரத்துக்கு மாறியிருந்த எங்கள் கிளிமூலைக் கோயிலுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கோயில் தலைவர் மணியம் அண்ணன் எழுந்து, "காசு வேணாம், டத்தோ. அந்த மேட்டுல எங்க பேரு இருந்தாப் போதும்" என்றார். ஒரு கல், அதில் நாற்பத்து மூன்று குடும்பத் தலைவர்களின் பெயர், தமிழிலும் மலாயிலும். டத்தோ சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். "சாயா ஜாஞ்ஜி" என்று வாக்கும் கொடுத்தார். போகும்போது ஒரு குழந்தையின் தலையைத் தடவினார்.

"தலையத் தடவிட்டான்," என்றார் காளிதாசன் அண்ணன். "முடிஞ்சிச்சி."

2018-இல் மணியம் அண்ணனின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கல் தயார் என்று பல்கலைக்கழக ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பினாங்கில் யாரோ வெட்டிய கல். மலாய் சரியாக இருந்தது. தமிழைக் கம்ப்யூட்டர் கடித்துத் துப்பியிருந்தது. கொம்பு பக்கத்து எழுத்துக்கு ஓடிப்போயிருந்தது, புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை. 'உழைத்தவர்கள்' என்பது 'உழதைதவரகள' ஆகியிருந்தது. 'வெள்ளையன்' என்பது 'வளெளயைன'.

அண்ணன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கப்பன் பேர வாயில சொல்லிப் பாரு. சொல்லு பாப்போம். வளெளயைன! நான் இங்க கல்லு வெட்டுறவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எங்கிட்ட கேக்கல பாரு!" என்றார். அதில் பாதி அப்பாவுக்கான கோபம், பாதி தொழில் கோபம். இரண்டும் நியாயம்தான். எங்கள் எல்லோர் பெயரிலும் ஆட்சேபணைக் கடிதம் போனது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மன்னிக்கவும், எழுத்தைத் திருத்துகிறோம், திருத்திய பெயர்ப்பட்டியல் இத்துடன் உள்ளது, தலைவரும் செயலாளரும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். செயலாளர் யார்? காளிதாசன் அண்ணன்தான். கோயில் கூடத்தில் அவர் அந்தக் கடிதத்தைச் சத்தம்போட்டு வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே அந்த இரண்டு வார்த்தைகள் இருந்தன. தியாடா பந்தாஹான்.

"எதுக்கு ஆட்சேபணை இல்ல? எழுத்துக்கா, நெலத்துக்கா?" என்று கேட்டார். பழைய கோயில் இருந்த துண்டு நிலம் அப்போதும் பல்கலைக்கழக வேலிக்குள்தான் இருந்தது, அதைக் கேட்டு மனு போட்டிருந்தோம். "இதுல சைன் வச்சா அந்த மனுவும் போச்சி. ஒருதரம் எங்கப்பன் வச்சாரு. நான் வைக்கமாட்டேன்."

மணியம் அண்ணன் மட்டும் மெதுவாக, "தம்பி, இது ஆபீசுல எல்லாக் கடுதாசிலயும் போடுற வார்த்தையா இருக்கும்லா. போயிக் கேட்டுட்டு வருவோமே" என்றார்.

"கேட்டா உண்மையச் சொல்லிருவானா?"

கையெழுத்து வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். இதை எழுதும்போது அந்தக் கை வலிக்கிறது. அன்றைக்கு ரொம்ப வேகமாகத்தான் தூக்கினேன். கடிதம் அண்ணனின் கடை இழுப்பறைக்குள் போனது.

அதன்பிறகு ஆறு வருடம் நாங்கள் டத்தோவை எடைபோட்டுக்கொண்டே இருந்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணனுக்கே ஆர்டர்கள் வந்தன. விடுதி, நூலகம், நீரூற்று, நீரூற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு நீரூற்று. எல்லாக் கல்லிலும் டத்தோவின் பெயர் இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றையும் வெட்டி முடித்துக் கறுவினார். "இதுவும் அவன் பேரு." புது விடுதி முதல் மழைக்கே ஒழுகியது. துப்புரவு கம்பெனியை மாற்றினார்கள், பீடோங்கிலிருந்து போய்க்கொண்டிருந்த பாப்பம்மாவுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் வேலை போனது. அதையெல்லாம் மறக்காமல் சொல்லுவோம். கூலிம் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டே படிக்கும் பிள்ளைகளுக்காக ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து அவர் பஸ் விட்டதையும், என் அக்காள் மகன் அந்தப் பஸ்சில் போய்த்தான் பட்டம் வாங்கினான் என்பதையும் சொல்லமாட்டோம். சொன்னால், "அதுல எவனுக்குக் கமிஷனோ" என்பார் அண்ணன். நாங்களும் ஆமாம் போடுவோம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. கோவிட் அடங்கிக் கடைகள் திறந்திருந்த நேரம். டத்தோ தானே கார் ஓட்டிக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்தார். டிரைவர் இல்லை, அதிகாரிகள் இல்லை. பூப்பந்துக் கோப்பை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்சே காளி," என்றார் டத்தோ. "அடா அபா-அபா உந்தோக் சாயா?" எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"தாக் அடா," என்றார் அண்ணன். இல்லை.

பிறகு கோப்பையை வைக்கிற சத்தம். கார் கிளம்பியது. அடுத்த நிமிடம் அண்ணன் என் வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. "கேட்டியா? நேரா வந்து கையேந்துறான்! எத்தன ஆர்டர் குடுத்திருக்கேன், எனக்கு என்னா குடுக்கிறன்னு கேக்குறான்! டத்தோவாம்!"

எனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. ரவிக்கை தைக்க வந்த ஒருத்தியையும் விடவில்லை, எல்லோர் காதிலும் போட்டேன். ஒரு வாரத்தில் அது பாடாங் செராய் வரைக்கும் போய், டத்தோ கமிஷன் கேட்டார் என்பது, வாங்கினார் என்று ஆகித் திரும்பி வந்தது. நான் திருத்தவில்லை.

2024-இல் டத்தோ ஓய்வு பெற்றார். பிரிவுபசார மலர் போடுகிறோம், ஊர்மக்கள் கருத்து வேண்டும் என்று பல்கலைக்கழகப் பதிவாளர் ஆபீசிலிருந்து ஃபெலிசியா என்ற பெண் வந்தாள். பாடாங் செராய் பெண், நல்ல மாதிரி. "அங்கிள், டத்தோவோட எட்டு வருசத்தப் பத்தி ஒரு ரெண்டு வார்த்த சொல்லுங்க. நல்லதா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி," என்றாள்.

அண்ணன் இரண்டு வார்த்தையோடு நிற்கிறவரா? "எட்டு வருசத்துல எம்பது கல்லு. எல்லாத்துலயும் அவம்பேரு. எங்க பேருக்கு ஒரு கல்லு தரேன்னான், தந்தானா? சொன்ன சொல்லக் காப்பாத்தாதவன் கட்டடம் கட்டுனா என்னா, கோபுரம் கட்டுனா என்னா? எழுதிக்க." அவர் பேசியதை நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். கிளிமூலை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான். அங்கிருந்து பேஸ்புக்குக்குப் போய், முகம் தெரியாதவர்களெல்லாம் அண்ணனுக்குக் கைதட்டினார்கள். ஃபெலிசியா அன்றைக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பயந்த பெண் என்று நினைத்தேன்.

போன மார்ச்சில் புதுத் துணைவேந்தரின் ஆட்கள் லாரியில் பதினோரு கல் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாவற்றையும் திருப்பிப் புதியவர் பெயர் போடவேண்டும். ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகச் சொத்து எண் ஒட்டியிருந்தது. அண்ணன் குஷியாகத்தான் இருந்தார். "வா டத்தோ, செவுத்தப் பாக்க வா," என்று ஒவ்வொரு கல்லாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். பத்துக் கல்லில் டத்தோ பெயர். பதினோராவது கல் சாக்கில் சுற்றியிருந்தது.

"யோகம்." கூப்பிடுகிற குரலே சரியில்லை. கத்தரிக்கோலும் கையுமாக ஓடினேன்.

கல் சுவரில் சாய்ந்திருந்தது. 'கிளிமூலைத் தோட்டம். இந்த மண்ணில் உழைத்தவர்கள்.' கீழே நாற்பத்து மூன்று பெயர்கள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். பதினேழாவது பெயர் வெள்ளையன். இருபத்தொன்பதாவது பிச்சை, என் அப்பா. நான் விரலை வைத்து அந்த இரட்டைச் 'ச்'சைத் தடவினேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் கல்லை மெதுவாகத் திருப்பினார். பின்பக்கத்தில் பழைய எழுத்து இருந்தது. உழதைதவரகள. வளெளயைன. அதே கல்லைத்தான் திருப்பி, நாங்கள் கேட்டபடியே சரியாக வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் மஞ்சள் பூத்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. '2018 நவம்பர். உறுதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது' என்று மலாயில் எழுதியிருந்தது.

அண்ணன் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அன்னிக்கு அவன் என்னா கேட்டான்?" என்றார்.

எனக்குப் புரிந்தது. 'எனக்கு ஏதாவது இருக்கிறதா' என்றுதான் டத்தோ கேட்டார். எங்களிடம் அவருக்குத் தரவேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்தக் கடிதம். அது இழுப்பறையில் இருந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து மூன்றடி தூரத்தில்.

சொல்லி அனுப்பியதும் ஃபெலிசியா மறுநாள் வந்தாள். அண்ணன் கல்லைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எழுத்து சரி பாத்தது நான்தான் அங்கிள். அப்ப நான் வேலைக்குச் சேந்து மூணு மாசம். டத்தோதான் கூப்ட்டு, ஒரு புள்ளி தப்பினாலும் உன்னையத்தான் கேப்பேன்னாரு."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சைன் வைக்க மாட்டேன்னுட்டீங்கன்னு ஆபீசுல சொன்னாங்க. நான் அப்ப காண்ட்ராக்ட்டு அங்கிள். அன்னிக்கு மலருக்கு வந்தப்பக்கூட சொல்லலாம்னு பாத்தேன், ஆன்ட்டி கையில ஃபோன் இருந்திச்சி."

அந்த ஃபோன் என்னுடையதுதான்.

"டத்தோ மறுபடி கேக்கவே இல்லையா?" என்றார் அண்ணன்.

"ஒருதடவ மீட்டிங்ல கேட்டாரு. கிளிமூலைக் கல்லு என்னாச்சின்னு. இன்னும் லெட்டர் வரலன்னாங்க. சரின்னுட்டாரு."

"சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டாரு."

அந்தச் 'சரி'யை அண்ணன் இன்றுவரை விடவில்லை. எந்தச் சரி அது? அவர்கள் மனசு மாறட்டும், காத்திருப்போம் என்ற சரியா? விட்டது தொல்லை, பழி நம்மேல் இல்லை என்ற சரியா? இரண்டு நீரூற்றுக்கு யார் கையெழுத்தும் கேட்காத மனிதர், எங்கள் கல்லுக்கு மட்டும் ஆறு வருடம் கையெழுத்துக்குக் காத்திருந்தார். அதை மரியாதை என்றும் சொல்லலாம், சாக்கு என்றும் சொல்லலாம். கடைக்கு வந்தவர் 'கடிதம் எங்கே' என்று நேராகக் கேட்டிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வருகிறது. கேட்டிருந்தால் அண்ணன் கொடுத்திருப்பாரா என்று உடனே இன்னொரு கேள்வியும் வருகிறது. அவரைப் போய்க் கேட்போம் என்றேன். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு எங்கோ தெற்கே போய்விட்டாராம். "போயி என்னான்னு கேக்குறது? என்னா சொன்னாலும் நான் நம்பமாட்டேன்," என்றார் அண்ணன். தன்னைப் பற்றி அவர் சொன்னதில் இதைவிட உண்மையான பேச்சை நான் கேட்டதில்லை.

அண்ணன் இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். மணியம் அண்ணனிடம் போய் அவர் கையெழுத்தையும் வாங்கினார். மணியம் அண்ணன் இப்போது சரியாகப் பார்வை தெரியாமல் இருக்கிறார். எங்கே போடுவது என்று மட்டும் கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனும் நானுமாகப் பதிவாளர் ஆபீஸ் கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஃபைல் மூடியாகிவிட்டது என்றார். முந்தைய துணைவேந்தர் காலத்தில் முடியாத வேலைகளை எடுக்கவேண்டாம் என்று புதியவர் உத்தரவாம். வேண்டுமானால் புதிதாக மனு எழுதிக் கொடுக்கலாம், பரிசீலிப்பார்கள்.

"பரிசீலிப்பானுங்க," என்றார் அண்ணன், மோட்டார் சைக்கிளில் ஏறும்போது.

கல்லைக் கோயிலில் வைத்துவிடலாமே, அவர்களுக்கு வேறு கல் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று நான் சொன்னேன். "கோயிலுக்கு வேணும்னா நானே வெட்டுவேன். இது அந்த மேட்டுல இருக்கவேண்டியது. அதோட இதுல நம்பர் ஒட்டியிருக்கு. வச்சிக்கிட்டா, காளிதாசன் யூனிவர்சிட்டி கல்லத் திருடிட்டான்னு எவளாச்சும் படம் புடிச்சிப் போடுவா." எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆர்டர் சீட்டில் அந்தக் கல் எந்த இடத்துக்கு என்று இருந்தது. மண்டபத்தின் முன்சுவர், மண்டபத்தின் புதுப் பெயர், திறந்து வைத்தவராகப் புதுத் துணைவேந்தரின் பெயர். மண்டபம் என்றால் எங்கள் லயம். கல்லின் இரண்டு பக்கமும் எழுத்து நிறைந்திருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேய்த்து அழித்தாக வேண்டும்.

அண்ணன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். 'வளெளயைன' மாவாகிப் பறந்து என் கடைத் துணிகளின்மேலெல்லாம் படிந்தது. உதறிவிட்டுத் தைத்தேன். மறுநாள் அந்த வெற்றுப் பக்கத்தில் புதியவர் பெயரை வெட்டினார், ஒரு எழுத்துக்கூடக் கோணாமல்.

பொருத்தப் போன அன்று நானும் கூடப் போனேன். முன்சுவரில் பழைய கல்லைக் கழற்றிய இடம் சதுரமாக வெளுத்திருந்தது. அண்ணன் நான்கு துளைக்கும் கல்லைச் சரிபார்த்துவிட்டு, ஒரு நிமிடம் கல்லைச் சாய்த்துப் பிடித்தார். நான் பின்னால் கையை விட்டு அப்பா பெயரைத் தொட்டேன். பக்கத்தில் நின்ற ஃபெலிசியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டடப் பிரிவு ஆள், பின்னால் என்ன எழுத்து என்று கேட்டார். பழைய எழுத்து, தேய்க்க முடியவில்லை என்று அண்ணன் மலாயில் சொன்னார். அவர் தலையாட்டினார். நான்கு ஆணியையும் முறுக்கியாகிவிட்டது. கிளிமூலை சுவரைப் பார்த்து நின்றது.

"இவன் எத்தன வருசம் இருப்பான்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார் அண்ணன்.

"அஞ்சு. மிஞ்சிப்போனா எட்டு."

"அப்பக் கழட்டுவானுங்கள்ல?"

எட்டு வருடத்தில் அவருக்கு எழுபது ஆகிவிடும். இந்தக் கல்லைத் திருப்ப வேறு எந்தக் கடைக்கு அனுப்புவார்களோ, அங்கே தமிழ் தெரிந்தவன் இருப்பானோ இல்லையோ. கழட்டுவார்கள் அண்ணே என்றேன்.

கட்டடப் பிரிவு ஆள் ஒரு தாளை நீட்டினார். வேலை முடிந்தது, சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்த வழக்கமான தாள். எப்போதும்போலக் கடைசி வரி தியாடா பந்தாஹான், ஆட்சேபணை இல்லை. அண்ணன் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இத்தனை வருடமும் அவர் டெலிவரி தாள்களில் ஒரு கிறுக்கல்தான் போடுவார், யாரும் படிக்க முடியாது. அன்று பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் அந்தக் கல்லின்மேலேயே வைத்து, தமிழில் எழுத ஆரம்பித்தார். சும்மா சைன் போட்டால் போதும் என்றார் அந்த ஆள். அண்ணன் நிறுத்தவில்லை. காளிதாசன் த/பெ வெள்ளையன் என்று, கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் விழ, முழுசாக எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கட்டை விரலைச் சட்டையில் துடைத்தார்.